கருகிய சதுப்பில் நீலத் துணி

ஈரமான இடத்தில் சைக்கிள் புதையவில்லை; உலர்ந்த இடத்தில் புதைந்தது. நதீஷாவுக்கு இது பிடிபடவே இல்லை. கால்வாய்க் கரையிலிருந்து பிரிந்து முத்துராஜவெல சதுப்புக்குள் போகும் தடத்தில், இரண்டாவது முறையாக அவளுடைய முன்சில்லு அச்சுவரை இறங்கி நின்றது.

தீ அணைந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. இரு பக்கமும் புதர்கள் கரிக்குச்சிகளாக நின்றன. ஆளுயரப் புல் மறைத்திருந்த வானம் இப்போது தரைவரை இறங்கியிருந்தது.

கூட வந்த ஸப்வான் வெள்ளவத்தைக்காரர். அவளுடைய அலுவலகத்தில் கணக்காளர், சைக்கிள் பிரியர்; அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்றே அழைப்பாள். அவளுக்கோ இது வெறும் ஓட்டமல்ல. டெங்குவில் கிடந்த கணவன் றொஹான் பிழைத்தால், தலவில சாந்த அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து இருவரும் சைக்கிளிலேயே வருவதாக நேர்ந்திருந்தாள். இன்னும் முழுதாகத் தேறாத அவனைக் கொள்கலன் லொறிகள் ஓடும் பெரிய ரோட்டால் கூட்டிப்போக அவளுக்குத் துணிவில்லை. மிஞ்சியது இந்தத் தடம். ஆகவே அவனைக் கூட்டிவரும் முன் வழி பார்க்க வந்தவள், உலர்ந்த, கெட்டியான மேடுகளாகப் பார்த்து, பழைய கோயில் கொடியின் நீலத் துண்டுகளை அடையாளமாகக் கட்டிக்கொண்டே வந்தாள்.

“வேன்ல போனா அன்னம்மா கோவிப்பாவா?” என்றார் ஸப்வான்.

“அவ கோவிக்க மாட்டா நானா. சைக்கிள்ல எண்டு சொன்னது நான்.”

சில்லை இழுத்தெடுத்ததும் குழி தெரிந்தது. மேலே விரல் தடிப்பில் சுட்ட ஓடு போன்ற மண். அதன் கீழே செந்நிறச் சாம்பல், இன்னும் இளஞ்சூடாக. சதுப்பில் மண் என்று நாம் மிதிப்பதில் பெரும்பகுதி, நீருக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் உக்கிப்போகாத இலையும் வேரும். பல நூற்றாண்டுச் சேர்மானம். நீர் வற்றினால் அது விறகு. மேலே தீ அணைந்த பிறகும் கீழே சுவாலையில்லாமல் ஊர்ந்து, தரையை உள்ளிருந்தே தின்றிருந்தது. அவள் துணி கட்டிய மேடுகள் எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது.

ஸப்வான் குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “இவ்வளவு நேரமும் கூரைக்கு மேலால ஓட்டீக்கிறோம் தங்கச்சி.”

அப்படியென்றால் ஈரமான பள்ளம் ஏன் தாங்கியது? நதீஷா ஒரு தடியால் தரையைக் குத்திப் பார்த்தபடி அங்கே நடந்தாள். கரிக்கு நடுவே, சுருண்ட பச்சைக் குருத்துகள். ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை, சுற்றியிருந்த நிலம் முழுவதும் ஒரே பாயாக அசைந்தது. நீர் நின்ற இடத்தில் தீயால் கீழே இறங்க முடியவில்லை. வேர்கள் உயிரோடிருந்து ஒன்றையொன்று பின்னிப் பிடித்திருந்தன. மேலே அத்தனையும் கருகியபோது இந்தப் பாய் அடியில் காத்திருந்தது.

“எங்கட ரெண்டு பேரில நீங்கதான் பாரம். ஓட்டிப் பாருங்கோ நானா.”

“விழுந்தா அன்னம்மா பொறுப்பு,” என்று சொல்லி அவர் ஏறினார். சில்லின் இரு பக்கமும் நீர் கசிந்தது, குருத்துகள் வளைந்தன, நிலம் தாங்கியது.

நதீஷா வந்த வழியே திரும்பி, மேடுகளில் கட்டிய துண்டுகளை அவிழ்த்துவந்து பள்ளங்களின் ஓரம் கட்டினாள். இனி வழி இதுதான்: பச்சைக் குருத்து நெருங்கி முளைத்த ஈர இடத்தால் ஓட்டவேண்டும்; உலர்ந்த மேடு வந்தால் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போகவேண்டும்.