கெட்டியாக ஒட்டிய வீடு

பல்கலைக்கழக வளாகத்தைப் பசுமைக் குடியிருப்பாக மாற்றப்போகிறார்கள் என்று முடிவானதிலிருந்து ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மரத்துக்குத்தான் கிராக்கி. கட்டப்போவதைச் சின்ன அளவில் மாடல் செய்கிறவர் கம்பியை முறுக்கிக் கிளையாக்கி, பஞ்சைப் பச்சைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, கிள்ளிக் கிள்ளி ஒட்டிக்கொண்டே இருந்தார். கீழே கடை, மேலே வீடு, நடுவே சைக்கிள் பாதை, பழைய வகுப்பறையில் காபிக் கடை என்று மேசைமேல் ஓர் ஊரே எழுந்து நின்றது. படிக்க வருகிற பிள்ளைகளுக்குத்தான் அதில் இடம் கொஞ்சம் குறைச்சல். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, மரம் வேண்டும் மரம் வேண்டும் என்று உருகியவர்கள் எல்லாரும் ஃபிளாட் விற்கிறவர்களாக இருந்தார்கள்.

மாடல் செய்கிறவருக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் பசை. அவர் ஒட்டியதைப் பிரிக்க அவராலேயே முடியாது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடிவான கட்டடத்தைப் பசை போட்டு ஒட்டுவார்கள். முடிவாகாததை ஒரு துண்டு டேப்பில் சும்மா உட்காரவைப்பார்கள். கூட்டத்தில் பெரிய மனிதர்கள் அதைத் தூக்கிப் பார்க்கலாம், நகர்த்தலாம். பசையின் அனுபவத்தில் அப்படித் தூக்கிய எதுவும் பழைய இடத்துக்குத் திரும்பியதில்லை. தூக்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார், பேச்சு முடிவதற்குள் அந்த வெற்றிடம் எல்லாருக்கும் பழகிவிடும்.

"அண்ணே, அந்தப் பழைய பெண்கள் விடுதி மட்டும் லூசா இருக்கட்டும்" என்றாள் ஆர்க்கிடெக்ட். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த விடுதியின் வார்டன் பசையின் மனைவி. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, அதுதான் குடித்தனம். விடுதி போனால் அவள் வேலையும் போகும், வீடும் போகும். இந்த வயதில் அவளை வேறு எங்கே கூப்பிடப்போகிறார்கள்? ஆர்க்கிடெக்டிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் மாடல் வேலையை வேறு ஆளிடம் தள்ளிவிடுவாளோ என்று பயந்தார். பயந்தவன் புத்தி நேர்வழியில் போனதாகச் சரித்திரம் இல்லை.

மரத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு விடுதியைச் செய்தார். ஜன்னல் கம்பி, மூளி விழுந்த வாசற்படி, மொட்டை மாடியில் தையல் நூலால் துணிக்கொடி. பிறகு அடிப்பாகம் முழுக்க, இருப்பதிலேயே கெட்டியான பசையைத் தடவி, மாடலின் அடியிலிருந்த அட்டைப் பலகையில் வைத்து அழுத்தி, மேலே கனமான இரும்புத் துண்டையும் ஏற்றினார். செல்போனில் படம் எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார்.

"ஐயோ, நம்ம வீடுங்க! என் மஞ்சத் துண்டு கூடக் கொடியில தொங்குது."

"பார்த்துப் பார்த்துச் செஞ்சது."

"நிஜத்துல அது எப்பவோ கிழிஞ்சு போச்சு. கரித்துணியா கிடக்கு." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "விடுதிய விட்டுவைப்பாங்களாங்க?"

"ஒட்டியாச்சு. இனிமே யாரும் தூக்க முடியாது."

"பசை போட்டா கட்டடம் நிக்குமா?"

"எங்க தொழில்ல நிக்கும்" என்றார். அதை அவர் நம்பவும் செய்தார், பாவம்.

கூட்டத்தில் துணைவேந்தர், கட்டுமான நிறுவனத்து முதலாளி, இன்னும் நாலைந்து கோட்டுகள். பசை சுவரோரம் நின்றார். ஆர்க்கிடெக்ட் பேசிக்கொண்டே வந்து விடுதிமேல் கை வைத்தாள்.

"சார், இது இல்லன்னா எப்படி இருக்கும்னு பாருங்க" என்று தூக்கினாள். வரவில்லை. சிரித்துச் சமாளித்துக்கொண்டு பலமாக இழுத்தாள். பலகை படீரென்று பிய்ந்தது. விடுதியோடு சைக்கிள் பாதையில் பாதியும் அரை டஜன் மரங்களும் வந்தன. ஊருக்கு நடுவே கிழிந்த பள்ளம் ஒன்று வாயைப் பிளந்தது.

துணைவேந்தர் குனிந்து பார்த்தார்.

"அட, இங்க ஒரு குளம் வச்சா நல்லாத்தான் இருக்கும்போல!"

கொல்லென்று சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டில்ல சார். குளத்தைப் பார்த்த ஃபிளாட்டுன்னா மதிப்பே வேற" என்றார். ஆர்க்கிடெக்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குளத்தில் வாத்து விடலாமா, தாமரை விடலாமா என்று பேச்சு போய்விட்டது. தேநீர் வருவதற்குள் குளம் முடிவாகிவிட்டது.

எல்லாரும் போனபின் அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தூக்கிக் காட்டிட்டுத் திரும்ப வைக்கத்தானேண்ணே லூசா இருக்கட்டும்னேன். விடுதி இல்லன்னா சாயங்காலத்துக்கு மேல அந்தப் பக்கம் ஈ காக்கா இருக்காது. அதைக் கண்ணால பார்த்தா துணைவேந்தரே விட்டுவைக்கலாம்னிருப்பாரு. நேத்தே பாதி ஒத்துக்கிட்டாரு."

பசை மேசைமேல் சிதறிய மரங்களைப் பொறுக்கினார். என் வீடும்மா அது என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் யாரிடம் போய் முறையிடும்?

"அமைச்சர் பார்க்க வர்றாராம். குளத்தை இன்னிக்கே செஞ்சுடுங்கண்ணே."

செய்தார். பள்ளத்தின் ஓரத்தை வழித்துச் சீராக்கி, நீலச் சாயம் கலந்த, கண்ணாடிபோல் இறுகும் ரெசினை ஊற்றி, குமிழி வராமல் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல குளம். அவர் செய்ததிலேயே நல்ல குளம் அதுதான். அதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிய்த்தெடுத்த விடுதியைக் குப்பையில் போட மனம் வராமல், துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பிரித்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கொடியில் தொங்கிய மஞ்சள் துண்டை விரலால் நீவிவிட்டு விடுதியைத் திருப்பினாள். அடியில் பலகை கிழிந்து கட்டியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஒரு தூள்கூட உதிரவில்லை.

"பாவிங்க, பலகையோட பிச்சிருக்காங்க" என்றாள். "நீங்க மட்டும் கெட்டியா ஒட்டலன்னா அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்க, இல்லீங்க?"

அவர் "ஆமா" என்றார்.