வலதுபக்கத் தண்டு

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் காறை எலும்பின் முனை தோளை விட்டு எழுந்து நின்றுகொண்டது. உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

எலும்பு டாக்டர் குணவதி அந்த மேட்டை விரலால் அழுத்தினார். எலும்பு கீழே போனது. எங்கோ மணி அடித்தது. விரலை எடுத்ததும் எலும்பு மேலே வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் காபியோடு வந்தார்.

"மூட்டு விலகியிருக்கு. மணி நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர். இன்னொரு முறை அழுத்தினார். காபிக்காரர் சர்க்கரையோடு வந்தார்.

"என்ன பண்ணலாம் டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி செங்கமலம்.

"கையைக் கழுத்துல தொங்கவிட்டு சில வாரம் சும்மா இருக்கலாம். அப்புறம் பயிற்சி. மேடு போகாது, கை பழையபடி வேலை செய்யும். இல்லேன்னா ஆபரேஷன். தகடு வச்சு எலும்பை உக்கார வைக்கலாம். மேடு போயிடும், தழும்பு வரும். மணி அடிக்காது."

"வெள்ளிக்கிழமை நான் பெருமாள் பல்லக்கு தூக்கணும்" என்றேன்.

"ரெண்டுலயும் அது முடியாது. வராந்தாவுல யோசிச்சிட்டு வாங்க."

முன்வரிசை வலதுபக்கத் தண்டு என் அப்பா தூக்கிய இடம். நான் விட்டால் மச்சான் தேசிகன் பிடித்துக்கொள்வான். பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். எனக்கு அழுகை வந்தது.

வராந்தா நடக்க நடக்க நீண்டது. அதன் கோடியில் பெருமாள் மாலையும் கையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் வாங்கியிருந்தார்.

"உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"கால் மரத்துப்போச்சு. எப்பவும் உக்காரவச்சே தூக்கிட்டுப் போறீங்க. உனக்கு?"

சொன்னேன். அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டு அழுத்தினார். எங்கள் இருவருக்கும் காபி வந்தது.

"ஆபரேஷன் வேண்டாம். கையைத் தொங்கவிட்டுக்கோ. உன் இடத்துக்கு நான் ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

"தேசிகனா?"

"சும்மா இரு. டாக்டர் சொன்னது உனக்கு விளங்கலையா?"

வெள்ளிக்கிழமை கழுத்தில் கட்டுடன் நான் பல்லக்கில் உட்கார்ந்திருந்தேன். வலதுபக்கத் தண்டைப் பெருமாள் தூக்கினார். கொஞ்சம் குள்ளம் என்பதால் பல்லக்கு அவர் பக்கம் சாய்ந்தது. என் துண்டை மடித்து ஒற்றைக் கையால் நீட்டினேன். தோளில் வைத்துக்கொண்டார். சரியாகிவிட்டது. பின்வரிசையில் நெட்டையான தேசிகன் முழங்காலை மடக்கியே நடந்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

தெருமுனையில் பட்டர் சேகண்டியைக் கோயிலிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. சாமி வருவது யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

பல்லக்கின் பக்கத்தில் நடந்து வந்த செங்கமலம் எட்டி என் தோளை மெல்ல அழுத்தினாள். தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. தேங்காய்த் தட்டுகளோடு காபியும் வந்தது.

பெருமாளின் நாமம் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

"தோள் மாத்திக்கட்டுமா சாமி?" என்று பின்னாலிருந்து கேட்டான் தேசிகன். "முன்னால நான் வரேன்."

"வலிக்குதா?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"நல்லா வலிக்குது" என்றார் பெருமாள், சந்தோஷமாக. "அவனுக்கு மட்டும் விடமாட்டேன்."