ஜிபெக்கின் முதல் முச்சோல்

கிர்கிஸ்தானின் நரின் நகர மருத்துவமனையில் அன்று யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மூட்டு அறுவைக் குழு வந்து இறங்கியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். மறுநாள் காலை முதல் ஆள், மல்யுத்தப் பாயில் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்ட ஜிபெக்.

விளையாட்டுக் கழக அட்டையில் வயது பதினைந்து. அந்த வயதில் பெண்பிள்ளைக்கு வளர்த்தி ஏறக்குறைய முடிந்திருக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல எலும்பில் துளை போட்டுப் புது ஜவ்வைக் கட்டிவிடலாம். அப்படித்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார் அந்த மருத்துவமனையின் குழந்தைகள் எலும்பு டாக்டர் புருல்.

மாலையில் ஜிபெக்கின் அம்மா சாய்ராகான் பை நிறைய போர்சோக் பணியாரம் பொரித்து எடுத்து வந்தாள்.

"எடுத்துக்கோங்க டாக்டரக்கா. புள்ளைக்கு முச்சோல். ஆஸ்பத்திரியில கெடந்தா மட்டும் விட்டுட முடியுமா?"

"போட்டிருக்கறதுல ஒண்ணைத் தானம் கொடுக்கணுமே, கொடுத்தாளா?" புருல் மென்றுகொண்டே கேட்டார்.

"கம்பளிக் கோட்டை நர்ஸுக்குக் கொடுத்துட்டா. ஷூவைக் கொடுடின்னா, தலைகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா."

"அது என் மல்யுத்த ஷூ! யாராவது தொட்டா கடிச்சு வச்சுருவேன்," என்றாள் ஜிபெக்.

புருல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முதல் முச்சோல் பதினைந்தில் வராதே! பிறந்த விலங்கின் ஆண்டு, பன்னிரண்டு விலங்குகளும் ஒரு சுற்று முடிந்து, முதல்முறை திரும்பும்போதல்லவா வரும்?

"இவ எந்த வருஷம் பொறந்தா?"

"ஆட்டு வருஷம். இந்த வருஷமும் அதானே." சாய்ராகான் யோசிக்கவே இல்லை. அட்டையில் ஆயிரம் பொய் எழுதலாம்; விலங்கு ஆண்டை மாற்றிச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் நாக்குப் புரளாது.

"பன்னெண்டு!" புருல் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தாள்.

ஜன்னலோரம் நின்ற பயிற்சியாளர் உசோன், சாய்ராகானின் தம்பி, கழுத்துவரை சிவந்தான்.

"பெரிய போட்டிக்குப் பதினஞ்சு வேணும்னாங்கக்கா... மூணு வருஷந்தானே..."

"மூணு வருஷந்தானாம்! நாளைக்கு அந்தத் துளை எலும்பு வளர்ற இடத்துக்குள்ளயே போயிருக்கும்டா. கால் கோணியோ குட்டையாவோ போயிருந்தா, பாயில யாரை எறக்குவே? உங்கக்காவையா?"

உசோனைத் திட்டிவிட்டார், சரி. எலும்பின் வயதைப் பார்க்க ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காமல் அட்டையை நம்பிக் கையெழுத்துப் போட்டது யார்?

உடனே ஜிபெக்கின் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தது. மணிக்கட்டிலும் விரல்களிலும் வளர்ச்சிக் கோடுகள் அகலமாக, கறுப்பாக, திறந்தே கிடந்தன. எலும்பு இன்னும் வளர்கிறது; கத்தி படுமுன் தெரிந்துவிட்டதே! புருலுக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது. முழங்கால் ஸ்கேனை மறுபடி பார்த்தார். ஜவ்வுதான் போயிருக்கிறது; மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு முழுசாக இருக்கிறது. அப்படியானால் அவசரமே இல்லை. தன் கையெழுத்தைத் தானே அடித்தார்.

"நாளைக்கு ஆபரேஷன் கெடையாது. முழங்காலுக்கு உறை, தினம் பயிற்சி. மூணு மாசத்துக்கு ஒருதரம் நான் பார்ப்பேன். அப்பவும் கால் நழுவுச்சுன்னா, வளர்ற இடத்தைத் தொடாம கட்டற முறை ஒண்ணு இருக்கு, அதைச் செய்வோம்."

"திரும்ப அந்தக் குழு வர ஆறு மாசம் ஆகுமேக்கா," என்றான் உசோன்.

"ஆகட்டும். எலும்பு காத்திருக்கும்."

"அப்போ பாய்?" ஜிபெக்கின் குரல் உடைந்தது.

"வளர்த்தி முடியறவரைக்கும் பாய் கெடையாது. ரெண்டு வருஷம், கூடவும் ஆகலாம்."

சாய்ராகான் மகளின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவின் அணைப்பிலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"வளர்த்தி முடியறவரைக்குமா? நான் இன்னும் வளருவேனா?" வகுப்பிலேயே குள்ளி அவள்தான்.

"அரைச்சாணுக்குக் குறையாம."

"நெசமாவா! அம்மா, கேட்டியா? அரைச்சாண்!" கட்டில் ஆடியது. கால், கால் என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஜிபெக் தலையணைக்கு அடியில் கைவிட்டு ஷூ இரண்டையும் எடுத்து உசோனிடம் நீட்டினாள்.

"கிளப்புல சின்னவ யாருக்காவது கொடு மாமா. அவ வயசையாவது சரியா எழுது. நான் திரும்பி வரும்போது இது எனக்குப் பத்தாது."