பிற்பகல் 2.12க்கு ஒரு சாட்சி

1. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. 1995இல் மேற்குத் தாம்பரத்தில் பக்கத்து வீட்டுக் காந்திமதி, "அண்ணா, ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணிக் குடுங்க" என்று வந்தாள். நான் படித்த மதுராந்தகம் பள்ளியில் பழக்கியபடி விஷயங்களுக்கு எண் போட்டேன். கடிதத்திலிருந்து மிஞ்சியது எண்கள்தான்.

2. "எல்லையற்ற விண்வெளியின் மௌனத்தில்..."

(அடித்துவிட்டேன். அவள் வேலை பார்த்த ஆய்வகம் குரோம்பேட்டையில். ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஹார்னில் ஏது மௌனம்?)

நேராகச் சொல்கிறேன். விண்ணில் எங்கோ* காமா கதிர்கள் சில நொடி வெடித்து அடங்கும். நம் செயற்கைக்கோளிலுள்ள கருவி அதைப் பதிவு செய்யும். வேறு நாட்டுச் செயற்கைக்கோளும் அதே நொடியில் பார்த்திருந்தால்தான் பட்டியலில் ஏறும். இரண்டு வருஷத்தில் காந்திமதிக்கு அகப்பட்டது ஒன்றே ஒன்று. நேரம் 14.12 என்று, பட்டியல் வைத்திருக்கும் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு எழுதினாள்.

பதில்: "அப்போது ஒன்றுமில்லை. அன்று 8.42க்கு ஒன்று உண்டு."

* எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது யாருக்கும் தெரியாது.

3. ஐந்தரை மணி நேரம்! கிரீன்விச் நேரத்துக்குப் பதில் நம்மூர் நேரத்தை எழுதியிருக்கிறாள்.

திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி லோகநாதன் சிரித்தார். "ஏம்மா, ஆன்சரப் பாத்துட்டு கணக்கத் திருத்துற மாதிரி இல்ல? அவன் நம்புவானா?"

பதிவு நாடாவை அழித்து வேறு பதிவு ஏற்றியாகிவிட்டது. இருப்பது அவளுடைய நோட்டு. கருவி எதையாவது காட்டினால், அந்த நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று பக்கத்தில் குறிப்பது அவள் பழக்கம்.

"அதையே ஜெராக்ஸ் எடுத்து வை. நம்ம டைம்னு தெரிஞ்சுடும்."

"சார், நீங்க ஒரு தடவ படிச்சிட்டு..."

படித்தார். 'பிற்பகல் 2.12. லோகநாதன் சார் மேசையில் தலை வைத்துத் தூக்கம். குறட்டை.'

"அந்தக் குறட்டைய மட்டும் அடிச்சிடேன்."

"அடிச்சா அதுவும் திருத்தினதாத்தானே சார் தெரியும்?"

4. முடிவு அ: பெருந்தன்மையோடு கையெழுத்துப் போடுகிறார். (இவ்வளவு நல்லவரை நான் எங்கும் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: மறுக்கிறார். காந்திமதி தன் ஒரே வெடிப்பை... (இதை எழுதக் கை வரவில்லை.)

5. ஆகவே, வாசகரே, லோகநாதனின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குறட்டை உங்களுடையது. கடிதம் முன்னால் இருக்கிறது. ஜெராக்ஸையும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரு வார்த்தை விடாமல் இணைத்துவிட்டேன். தபால் எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கிறது. காந்திமதி எதிரே நிற்கிறாள்.

கையொப்பம்: ......................