ஒண்ணும் இல்லைன்னா வலிக்கிறது யாருக்கு?

இரும்புக் கிடங்கில் அவளை எல்லாரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க மற்றவர்களின் உச்சந்தலையைப் பார்த்தே வேலை செய்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஐந்து டன் தகடுகூட அவள் கையில் பூப்போல இறங்கும்.

ஒன்பது வருஷமாக அவளுக்குத் தலைவலி. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும். வெளிச்சம் பட்டால் உயிர் போகும், குடித்த தண்ணீரும் வெளியே வரும். மாதத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இல்லாமல் அவள் ஏணி ஏறியதே இல்லை.

ஒரு நாள் தகடு பாதி உயரத்தில் தொங்கும்போது, பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் போல ஒரு வெளிச்சம் நெளிந்தது. வலி வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கீழே நாலு பேர். மணி அடித்து அவர்களை விலக்கினாள். தகட்டைத் தரையில் வைத்துவிட்டு, படிகளைத் தடவித் தடவி இறங்கி வந்தாள்.

“மறுபடியும் தலைவலியாம்மா? யாருக்குத்தான் தலை வலிக்கல?” என்றார் ஃபோர்மேன்.

“உங்களுக்கு வலிச்சா கையெழுத்து கோணும் சார். எனக்கு வலிச்சா நாலு பேர் நசுங்குவாங்க. இது சரியாகாம நான் மேல ஏற மாட்டேன்.”

“அப்போ ஸ்டோர்ல கையுறை எண்ணு. கிரேனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குங்க. ஆனா நான் திரும்பி வருவேன்.”

வீட்டில் கணவன் தையல்காரன். அவள் படுத்துவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் பொத்தான் தைப்பான். அவன் அக்காவுக்கு அந்தப் பக்குவம் இல்லை.

“வேலைக்குப் போறவளுக்குத்தான் பேர் தெரியாத வியாதியெல்லாம் வருது” என்றாள்.

“பேரு மைக்ரேன், அண்ணி. மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. எழுதித் தரட்டுமா?”

ஒரு டாக்டர் கண்ணாடி மாற்றச் சொன்னார், இன்னொருவர் சைனஸ் என்றார். அவள் கணவனின் அளவு நோட்டுகளில் ஒன்றை எடுத்து, எப்போது வலி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எப்படித் தூங்கினாள், எத்தனை மாத்திரை போட்டாள் என்று ஆறு வாரம் விடாமல் எழுதினாள். அந்த நோட்டோடு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள், முதலில் எடுத்துவரச் சொன்ன தலை ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. டென்ஷனைக் குறைங்க.” அடுத்தவரைக் கூப்பிட மணிக்குக் கை போனது.

மேலக்கா எழுந்திருக்கவில்லை. “ஒண்ணும் இல்லைன்னா வலிக்கிறது யாருக்கு டாக்டர்?” நோட்டை விரித்து மேஜையில் வைத்தாள். “இதைப் படிங்க. அப்புறம் போறேன்.”

டாக்டர் வேண்டா வெறுப்பாகத்தான் ஒரு பக்கம் புரட்டினார். பிறகு அடுத்த பக்கம். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வலி மாத்திரையை மாசத்துல இருபத்திரண்டு நாளா போடறீங்க?”

“வலிச்சா போடாம?”

“அடிக்கடி போட்டா அந்த மாத்திரையே வலியைக் கொண்டுவரும். உங்களுக்கு இருக்கறது மைக்ரேன்தான். அதுமேல இது ஏறி உக்காந்திருக்கு. நான் முதல்லயே கேட்டிருக்கணும்.” குரல் இறங்கியிருந்தது. “இதை நிறுத்தணும். வலி வராம தடுக்க வேற மருந்து தரேன். முதல் ரெண்டு வாரம் படாத பாடு படுத்தும்.”

படுத்தத்தான் செய்தது. நாலாம் நாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். பழைய கைப்பையில் ஒரு அட்டை ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியும். சுவரைப் பிடித்து நடந்துபோய் அதை எடுத்தாள். ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிக் கழிவறையில் போட்டு, “போய்த் தொலை” என்று தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

முதல் தடுப்பு மருந்தில் விரல்கள் மரத்துப்போயின. மறுபடியும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். “இந்த விரலை வெச்சுத்தான் நான் லீவர் பிடிக்கணும். வேற குடுங்க.” இரண்டாவது மருந்து ஒத்துக்கொண்டது. மெல்ல மெல்ல மாதத்தில் வலிக்கிற நாள் இருபத்திரண்டிலிருந்து பன்னிரண்டாகி, ஐந்தாம் மாதம் நாலில் வந்து நின்றது.

டாக்டர் கடிதத்தோடு ஃபோர்மேன் முன்னால் போய் நின்றாள்.

“நடுவுல வந்துட்டா என்னம்மா பண்றது?”

“பாரத்தை இறக்கிட்டு நானும் இறங்கிடுவேன். நீங்க ஒரு வார்த்தை கேக்காம இன்னொரு ஆளை ஏத்தணும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“எனக்கே சட்டம் போடறியா?”

“ஆமா சார்.”

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அவள் கூண்டுக்கு ஏறினாள்.

இரண்டாம் வாரமே அந்த ரம்ப வெளிச்சம் தலைகாட்டியது. சொன்னபடி இறங்கினாள். வலி தொடங்கும்போதே போடச் சொல்லி டாக்டர் தந்திருந்த மாத்திரையைப் போட்டு, ஓய்வறையில் விளக்கை அணைத்துப் படுத்தாள். ஃபோர்மேன் ஒரு வார்த்தை கேட்காமல் கூண்டுக்கு இன்னொரு ஆளை ஏற்றினார். அடுத்த நாள் காலை ஏணியில் முதல் ஆளாக ஏறியது அவள்தான்.