மோசமான நாட்களின் நோட்டு

“மறுபடி எப்பம்மா ஸ்கூலுக்கு வருவ?” என்று கணக்கு டீச்சர் ஒருமுறை அவளைக் கேட்டார். மருந்துக்கடை வரிசையில் வைத்துக் கேட்டார். அவள் கையில் பெரியவர்களுக்கான டயபர் கட்டு இருந்தது. அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஸ்கூல் திறந்ததும் வந்துடுவேன் டீச்சர்” என்றாள். கட்டு அவளைவிட அகலம். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிந்தது. டீச்சர் நல்லவர். தன் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். பத்தாம் வகுப்பில் பாதி வருடம் போனபோது அம்மா இறந்துபோனாள். படிப்பை நிறுத்து என்று சின்னவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் லீவு போட்டாள், மறுநாளும் போட்டாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு மறதி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது என்பதே அம்மா போன பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை அம்மா மூச்சுக் காட்டாமல் மூடி வைத்திருந்தாள்.

இப்போது காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறாள். சம்பளம் அண்ணன் அனுப்புகிறான். வேறு ஊரில் இருக்கிறான். “மூணு மாசம் எப்படியோ அனுப்பறேன். அதுக்கு மேல கேட்டா உங்க அண்ணி என் தோலை உரிச்சிடுவா” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அதற்குள் வார்டு அலுவலகத்தின் உதவி கிடைக்க வேண்டும். அங்கிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வந்து, பெரியவரால் எதெல்லாம் முடியவில்லை என்று கேட்டு மதிப்பெண் போடுவார். நாற்பது வந்தால் அக்காவின் சம்பளத்தை அலுவலகமே கொடுக்கும். சின்னவள் பள்ளிக்குப் போகலாம். நாற்பது வரவில்லையென்றால் அக்கா நின்றுவிடுவாள். பிறகு பள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேடம் வரும் தேதி தெரிந்த அன்றே அக்கா சொன்னாள். “பாப்பா, நான் சொல்றதக் கேளு. வீட்டப் பெருக்காத. அவருக்கு ஷேவ் பண்ணாத. எல்லாம் தினமும் கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்.”

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். “ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றாங்க, வீடு கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கட்டும். அம்மா போனதும் குடும்பமே நாறிப்போச்சுன்னு எழுதிட்டுப் போயிடப் போறாங்க.”

சின்னவள் அண்ணன் பேச்சைக் கேட்டாள். அந்த வீட்டில் யார் வந்தாலும் அம்மா செய்வது அதுதானே. இரண்டு நாள் தரையைத் தேய்த்தாள். கட்டிலின் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மூத்திர வாடை போக ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். அப்பாவுக்கு முகம் மழித்து, நகம் வெட்டி, நீல முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டாள்.

அப்பா ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடம் பொறுப்பாளராக இருந்தவர். வருடம் ஒருமுறை ஆடிட் வரும். அன்றைக்கு மட்டும் போடுவதற்கென்று வைத்திருந்த சட்டை அது. மேடம் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாக உள்ளே நுழைந்ததும் அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“வாங்க மேடம், உட்காருங்க. எல்லாம் ரெடியா இருக்கு. எங்க வேணா எண்ணிப் பாத்துக்கங்க” என்றார். சின்னவள் பக்கம் திரும்பி, “மேடத்துக்கு டீ சொல்லு” என்றார்.

“இன்னிக்கு என்ன கிழமைங்க ஐயா?”

மேடத்தின் தலைக்குப் பின்னால் நாள்காட்டி தொங்கியது. அப்பா அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கேட்டதற்கு மேலேயே தேதி, மாதம், வருடம் எல்லாம் சொன்னார். கிடங்கில் எத்தனை வருடம் இருந்தார் என்று சொன்னார். ஒரு வருடம்கூட ஒரு பெட்டி குறைந்ததில்லை என்றும் சொன்னார்.

மேடம் சின்னவளிடம் கேட்டார். “தானா சட்டைப் பித்தான் போட்டுக்குவாரா?”

அப்பா அவளைப் பார்த்தார். ஆடிட்டின்போது தன் ஆட்களை அப்படித்தான் பார்த்திருப்பார் போலும்.

“போட்டுக்குவார்.”

“தானா பாத்ரூம் போவாரா?”

“போவார்.”

“உங்களையெல்லாம் அடையாளம் தெரியுதா?”

“தெரியும்.”

சமையலறை வாசலில் நின்ற அக்கா சத்தமில்லாமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேடம் போனதும் அப்பா, “ஒரு குறையும் சொல்லலையே?” என்று கேட்டார். “இல்லப்பா” என்றாள் சின்னவள். அப்பா சிரித்துக்கொண்டே நாற்காலியிலேயே நனைத்துவிட்டார். நீலச் சட்டையின் கீழ் விளிம்புகூட நனைந்துவிட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. மதிப்பெண் பதினொன்று.

“பதினொண்ணா!” என்றாள் அக்கா. “என்னை உட்கார வெச்சுக் கேட்டிருந்தா எனக்கே இருபது வந்திருக்கும் பாப்பா. என் முட்டி ஒண்ணுக்கே அஞ்சு குடுத்திருப்பாங்க.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “எனக்கும் வீடு இருக்கு. உங்க அண்ணன் அனுப்பறது நின்னா நான் வேற வீடு பாத்தாகணும். தப்பா எடுத்துக்காத.”

சின்னவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

நூலகத்தில் வியாழக்கிழமைகளில் மனு எழுத உதவுவதற்கு ஒரு மேசை போடுவார்கள் என்று அக்காதான் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்தார்.

“எல்லாத்துக்கும் முடியும்னு சொன்னியா?”

“அப்பா பக்கத்துலயே இருந்தாரு.”

“இந்த நாற்காலியில உட்கார்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வீட்டையும் கழுவி விட்டிருப்பியே?”

சின்னவள் தலையாட்டினாள்.

“நல்லா வெச்சிருக்கறதுக்கா மார்க்கு போடறாங்க? மோசமான நாள்ல என்ன நடக்குதுன்னு சொல்லணும்.” மறு மதிப்பீட்டுக்கான மனுவைப் பெரியம்மாவே எழுதினார். “ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதிட்டு வா. தேதி, மணி, என்ன நடந்தது, யார் என்ன செஞ்சீங்க. கஷ்டமா இருக்கு, அழுகை வருதுன்னெல்லாம் எழுதாத. அதுக்கு மார்க்கு கிடையாது.”

“மேடத்துகிட்டத் தனியா சொல்லலாமா?”

“அவர் எதிர்லதான் கேப்பாங்க. அவர் இல்லாம அவரப் பத்திப் பேசக் கூடாதுங்கறது விதி. நல்ல விதிதான், என்ன செய்ய.”

பள்ளி நோட்டு ஒன்றில் முன்பக்கம் கொஞ்சம் அல்ஜீப்ரா இருந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். முதல் நாள் எழுதும்போது கை கூசியது. நாலாம் நாளுக்குப் பிறகு கூசவில்லை. சட்டையைக் காலில் மாட்டினார், நான் கழற்றினேன். இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு தரவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். அம்மா எங்கே என்று காலையில் ஆறு தடவை கேட்டார், நான் கடைக்கு என்றேன். கிடங்குக்கு வந்த சரக்கை இறக்கி எழுதுவதுபோல வந்ததையெல்லாம் எழுதினாள்.

ஒருநாள் அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார். “என்ன எழுதற?”

“ஸ்டாக் எழுதறேன்பா.”

அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. “தேதி போட்டியா? தேதி இல்லாம எழுதினா ஆடிட்ல செல்லாது.”

“போட்டிருக்கேன்.”

“ஒண்ணு விடாம எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்து இப்படித் தெளிவாகப் பேசியதைத் தவிர எல்லாவற்றையும் அன்றைக்கு எழுதினாள்.

மேடம் இரண்டாவது முறை வந்தது மூன்றாவது மாதத்தின் கடைசி வாரத்தில். சின்னவள் வீட்டைப் பெருக்கவில்லை. ஜன்னலைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு ஐந்து நாள் தாடி. நீலச் சட்டையை முன்னாலேயே எடுத்து அக்காவின் பைக்குள் வைத்துவிட்டாள். அக்காவோ பழக்கதோஷத்தில், “ஐயா, இன்னிக்கு ஆபீஸ் மேடம் வர்றாங்க, சமத்தா உட்காரணும்” என்று காலையிலேயே சொல்லித் தொலைத்தாள். அப்பா அலமாரியைத் திறந்து திறந்து மூடினார். தலையணைக்கு அடியில் பார்த்தார். அரிசி டப்பாவைத் திறந்தும் பார்த்தார்.

“ஆடிட் அன்னிக்கு பனியனோடயா உட்காருவேன்? என் நீலச் சட்டை எங்க?”

“துவைக்கப் போட்டிருக்கேன்பா.”

“காயலையா?”

“காயலப்பா.”

மேடம் வந்தபோது அப்பா குழம்புக் கறை படிந்த பனியனோடு உட்கார்ந்திருந்தார். கையால் கறையை மறைத்துக்கொண்டார். வாங்க என்று மட்டும் சொன்னார். டீ சொல்லச் சொல்லவில்லை. நாள்காட்டி பக்கமும் பார்க்கவில்லை.

நோட்டை மேடம் கையில் வாங்கவில்லை. “நீயே படிம்மா, நான் டைப் பண்ணிக்கறேன். ஒவ்வொண்ணையும் வாயால சொல்லணும்” என்று மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார்.

சின்னவள் படித்தாள். பள்ளியில் பாடம் வாசிக்கச் சொன்னால் அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. இன்றைக்குத் தாண்டியது. முதல் நாலு நாளுக்கு அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். தேதி, மணி எல்லாம் ஒழுங்காக வருவது அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. ஐந்தாம் நாளில் தலை நின்றது.

“ஏழாம் தேதி, காலை எட்டு நாற்பது. கட்டிலில் மலம் போய்விட்டார். கையால் எடுத்து ஜன்னல் கம்பியில் வைத்தார். நானும் துணைக்கு வரும் அக்காவும் கழுவினோம்.”

“யாரு?” என்றார் அப்பா.

சின்னவள் பக்கத்தைத் திருப்பினாள்.

“யாரு இது? எந்த ஆள் இப்படிப் பண்ணினான்?” என்று மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். “மேல படிம்மா” என்றார் மெதுவாக.

“ஒன்பதாம் தேதி, மாலை நாலு இருபது. என்னைப் பார்த்து, நீங்க யாரு, உங்க வீட்டுக்கு எப்ப போவீங்க என்று கேட்டார்.”

அப்பா அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு அவளை நன்றாகவே தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு பத்தாம் தேதியைப் படித்தாள். பதினொன்றைப் படித்தாள். பதினான்கு வரைக்கும் ஒன்று விடாமல் படித்தாள்.

மேடம் எதையோ தட்டினார். “அம்பத்து மூணு. நாப்பதே போதும். அடுத்த மாசத்துலேர்ந்து இவங்க சம்பளம் எங்ககிட்டேர்ந்து வந்துடும். நீ ஸ்கூலுக்குப் போகலாம்” என்றார். சமையலறையில் அக்கா ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாடா” என்றாள். பள்ளி திறக்க இன்னும் பத்தொன்பது நாள். சந்தோஷம் வருமென்று சின்னவள் சற்று நேரம் காத்திருந்தாள். சுவரில் பல்லி ஒன்று ஓடியது. நோட்டை மூடினாள்.

அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாங்கிப் பிடிக்க அக்கா ஓடி வந்தாள். வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினார். நின்ற இடத்திலேயே பனியனின் நெஞ்சில் விரல்களை வைத்து, இல்லாத பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பித்தானுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அதையும் போட்டு முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.