ஓங்கி வாசித்தால் அடங்கும் ஆம்ப்ளிஃபயர்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. என் நினைவில் நான் எப்போதும் கொஞ்சம் பாவப்பட்டவனாகவும், மற்றவர்கள் கொஞ்சம் அவசரக்காரர்களாகவும் வந்துவிடுகிறார்கள். ஆகவே என்னைப் பற்றி நல்லபடியாக ஏதாவது தென்பட்டால் அதில் பாதியைக் கழித்துவிடலாம்.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். அக்கா பாடுவாள், அவள் கணவர் டிரம்ஸ், நான் கிட்டார். டயர்க் கடையின் மாடியில் ஒற்றை ஜன்னல் அறையில் பயிற்சி. பகலில் நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். அடுத்தவர் விட்ட பிழைகளைப் பிடிப்பதற்குச் சம்பளம்.

என் ஆம்ப்ளிஃபயர் மெதுவாக வாசித்தால் ஒழுங்காக இருக்கும். நான் தனியாக வாசிக்கும் இடம் வந்து, ஆவேசமாகக் கம்பிகளை அடிக்கத் தொடங்கியதும் ஒலி இறங்கி இறங்கி, பக்கத்து வீட்டு ரேடியோ போல ஆகிவிடும். பாட்டு முடிந்ததும் கிட்டாரின் ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவேன். அடுத்த பாட்டுக்குப் பத்தில் வைப்பேன். எல்லாம் சரியாகிவிடும்.

வேறு யாராக இருந்தாலும் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போயிருப்பார்கள். நான் புத்தகம் வாங்கினேன். படித்தேன். அறையின் மூலையில் உட்கார்ந்து நெடுநேரம் ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிளை மாற்றினேன். பெட்டிக்குள் பல்பு மாதிரி எரியும் வால்வுகளை மாற்றினேன். பிறகு மின்சாரம் போதவில்லை என்று முடிவுசெய்து ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அத்தான் ஆறு மாதம் வேர்க்க வேர்க்க டிரம்ஸ் வாசித்தார். கடைசியில், அவர் அடிக்கிற அதிர்வில்தான் உள்ளே ஏதோ தளர்கிறது என்று கண்டுபிடித்தேன்.

"அப்போ நான் என்ன பண்ணணும் மச்சான்?" என்றார்.

"கொஞ்சம் மெதுவா அடிங்க, அத்தான்."

"டிரம்ஸையா?"

அக்கா மைக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை காலனி ஆண்டு விழாவுல வாசிக்கறோம். முந்நூறு பேர் வர்றாங்க. அங்கயும் இது படுத்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்டா. தம்பின்னு எத்தனை நாள் பாக்கறது?"

எனக்கு அந்தக் குழுவை விட்டால் பேசுவதற்கு மெய்ப்புத் தாள்கள்தான். மறுநாள் மதியமே மெக்கானிக்கிடம் போனேன்.

மெக்கானிக் ஒரு பெண். அவருக்கு என் வயதுதான் இருக்கும். மேஜை முழுவதும் திறந்து கிடந்த ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயரைச் சோதித்தார், கிட்டாரை இணைத்தார், குமிழைத் தன் கையாலேயே பத்தில் வைத்து என்னிடம் கொடுத்தார். வாசித்தேன். ஒலி இறங்கவே இல்லை.

"இன்னும் பலமா, சார்."

"பலமாத்தான் வாசிக்கிறேன்."

"குழந்தையைத் தட்டித் தூங்க வெக்கற மாதிரி இருக்கு."

"ஆள் பாத்துட்டிருந்தா வராது, மேடம்."

"முந்நூறு பேர் முன்னாடி வாசிக்கப் போறதா சொன்னீங்களே?"

"அது கூட்டம். இது நீங்க."

அவர் எழுந்து வெளியே போய் ஷட்டரை இறக்கிவிட்டார். "இப்ப யாரும் இல்ல. அடிங்க!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒலி வழக்கம்போல அடங்கியது. ஷட்டர் திறந்தது. அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"கையை எடுக்காதீங்க. குமிழைப் பாருங்க. எத்தனையில இருக்கு?"

மூன்றில் இருந்தது. என் சுண்டுவிரல் அதன்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. ஓங்கி அடிக்கும்போதெல்லாம் என் விரலே ஒலியைக் குறைத்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் குமிழைத் திருப்பி, தடயத்தையும் நானே அழித்திருக்கிறேன்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

"சரிபண்ண எவ்வளவு நாளாகும்?" என்றேன்.

"எதை, சார்?"

குமிழ் திரும்பாதபடி அவர் டேப் ஒட்டிக் கொடுத்தார். அக்கா கேட்டபோது, "உள்ள ஒரு சின்ன இணைப்பு விட்டுப்போயிருந்துச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒலி இறங்கவில்லை. என் தனி வாசிப்பு முழுவதும், ஒரு ஸ்வரம் விடாமல், முந்நூறு பேருக்கும் கேட்டது. எனக்கும் அன்றுதான் கேட்டது. ஆறு மாதமாக அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, என்ன வாசிக்கிறேன் என்று கவனித்ததில்லை. வேகமாகப் போக வேண்டிய இடத்தில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் அத்தான்தான் முதலில் பேசினார். "மச்சான், அந்தப் பெட்டிக்கு நல்ல காது இருந்திருக்கு. அதான் தானா குறைச்சுக்கிச்சு."

"பெட்டி இல்ல, அத்தான். என் விரல்." முழுவதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் ஆறு மாசமா ஃபேன் இல்லாம உக்காந்திருந்தாரு. தப்பா வாசிச்சதைக்கூட விட்டுருவேன். எங்கிட்ட இணைப்பு விட்டுப்போச்சுன்னு சொன்ன பாரு." வீடு வரும்வரை வேறெதுவும் சொல்லவில்லை. மௌனம் எனக்குப் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த மாதம் அக்கா வேறொருவரைச் சேர்த்துக்கொண்டாள். அவர் நன்றாக வாசிக்கிறார். ஆம்ப்ளிஃபயரை அவருக்கே கொடுத்துவிட்டேன். அத்தானுக்கு முதுகுவலி வந்து, இப்போது மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வாசிக்கிறார். மெக்கானிக் பெரிய கடைக்கு மாறிவிட்டார். அக்கா என்னோடு பழையபடி பேசுகிறாள், பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் வாரம் இரண்டு நாள் கிட்டார் வகுப்புக்குப் போகிறேன். முதல் பாடத்தில் இருக்கிறேன்.